நெருப்புக்கு முன் நீதி வரல் வேண்டும்



எரிப்பது பற்றிய பிணக்குகளை நீதிமன்றங்கள் எவ்வாறு கையாண்டு வந்துள்ளன என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சட்டப் புத்தகத்தின் ஒரு மூலையிற் கிடக்கும் சிறு பொருள் இது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கடந்த சில ஆண்டுகளில் இத்தீவிலே தமிழ் பேசும் மக்களின் நெஞ்சிற் பட்ட ஆறாத காயங்களிற் சில, இந்தப் பொருளோடு பிணைந்தவை.

கமக்காரருக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். வயலிலே அரிவு வெட்டு முடிகிறது. தாளை எரிக்கிறோம். காற்று மாறுகிறது. அடுத்தவனுடைய வேலியும் வைக்கோற் போரும் எரிந்து போகின்றன. யார் பொறுப்பு? இந்த வினாவுக்கு விடை எழுதப்பட்டு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆறாம் நூற்றாண்டிலே யூஸ்தினியன் சக்கரவர்த்தி தொகுப்பித்த உரோமச் சட்டத் தொகுதியில் இதே தாள் எரிப்பு உதாரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. காற்றடிக்கும் நாளில் எரித்தவன் பிழை செய்தவன். வேண்டிய காவல் அனைத்தையும் செய்தபின், எதிர்பாராது சுழன்றடித்த காற்றினால் தீ பரவியிருப்பின் அவன்மீது பழியில்லை. உரோம - ஒல்லாந்தச் சட்டத்தின் வழியாக இந்த நெறி நம்மிடமும் வந்து சேர்ந்தது. நீதிமன்றம் எரிந்த வேலிக்கு விலை கணக்கிடும். போருக்கு விலை கணக்கிடும். எரித்தவன் பணத்தைக் கொடுப்பான். பணப்பெறுமதியுள்ள பொருளாதலின், பின்னர் வரும் நீதியும் நீதியாகவே இருக்கிறது.

ஆனால் விலை கணக்கிட முடியாத ஒன்று எரியும்போது என் செய்வது? இறந்தவரின் உடலைப் பற்றியே சொல்கிறோம். உடலை எரித்தபின் எந்த நீதிமன்றமும் அதனை மீட்டுத் தர இயலாது. புதைத்த உடலைக் கட்டளை பெற்றுத் தோண்டி எடுக்கலாம், சோதிக்கலாம், வேறிடத்தில் அடக்கலாம், பிழை நேர்ந்ததென்று கண்டால் எரிக்கவுங்கூடச் செய்யலாம். எரித்த உடலைப் புதைக்க முடியாது. புதைப்பதற்கும் எரிப்பதற்கும் இடையே உள்ள இந்த வேற்றுமை மதம் சார்ந்ததன்று, இயற்கை சார்ந்தது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு சில வழக்குகளை நோக்குவோம்.

1884ஆம் ஆண்டு. வேல்ஸ் நாட்டிலே லன்ட்ரிசன்ற் என்னும் ஊரில் வாழ்ந்த முதிய வைத்தியர் வில்லியம் பிறைஸ், இறந்துபோன தம் கைக்குழந்தையின் உடலைக் குன்றொன்றின் மீது எரிக்க முற்பட்டார். பிணத்தை எரிப்பதென்பது அந்நாட்டில் அக்காலத்திலே கேள்விப்படாத செயல். மக்கள் கொதித்தெழுந்தனர். நெருப்பிலிருந்து உடல் எடுக்கப்பட்டது. கார்டிப் நகரிலே வழக்கு நடந்தது. நீதியாசனத்தில் இருந்தவர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இவர் நமக்கு அந்நியரல்லர். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் இவரே. அதனை அடியொற்றி எழுந்ததே இன்றும் நம் நீதிமன்றங்களில் ஆட்சி செய்யும் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம்.

ஊரார் அருவருத்தனர், சமயத்தார் வெகுண்டனர். ஆயினும் ஸ்டீபன் தமக்கு வந்த வினாவைச் சுருக்கிக்கொண்டார். பிணத்தை எரிக்கலாகாதென்று எந்தச் சட்டம் சொல்கிறது? எதுவும் சொல்லவில்லை. சட்டம் விலக்காத ஒன்றைப் பிறர் அருவருக்கிறார்கள் என்பதற்காக நீதிபதி குற்றமாக்க முடியாது. பொதுமக்களுக்குத் தொல்லை விளையும் வகையில் எரித்தாலன்றி அது குற்றமாகாது என்பது அவருடைய முடிவு. வைத்தியர் விடுதலையானார். 1893இல் அவர் இறந்தபோது அவருடைய உடலும் அதே ஊரிலே எரிக்கப்பட்டது. 1902இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் தகனச் சட்டத்தை இயற்றியது.

அதே 1884ஆம் ஆண்டிலே ஆங்கில நீதிமன்றம் இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட்டது. நடத்தவேண்டிய மரண விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு உடலை எரிப்பது குற்றம் என்று வேறொரு வழக்கிலே தீர்க்கப்பட்டது. இரண்டையும் சேர்த்து நோக்குங்கள். எரிக்கும் உரிமை உண்டு. உண்மையை எரிக்கும் உரிமை இல்லை. பிணம் என்பது உறவினருக்கு வணக்கத்திற்குரிய உடல். சட்டத்துக்கு அதுவே சாட்சியும் ஆகலாம். சாட்சி சொல்லும் முன்னர் அதனைச் சாம்பலாக்க எவருக்கும் அதிகாரமில்லை.

இந்த நெறி நம் நாட்டில் என்ன பாடுபட்டது என்பதை இங்கே நினைவுகூர்வது நம் கடன். 1983 யூன் 3ஆந் திகதி, கறுப்பு யூலைக்கு ஏழு கிழமைகளுக்கு முன்னர், அவசரகால ஒழுங்குவிதி 15அ பிறப்பிக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளரின் அங்கீகாரத்தோடு, மரண விசாரணை எதுவுமின்றியே உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் அது படையினருக்கும் பொலிசாருக்கும் வழிதிறந்தது. ஆங்கில நீதிமன்றத்திலே தனியொரு மனிதனுக்குக் குற்றமென்று விலக்கப்பட்டது, இங்கே அரசுக்கு அதிகாரமென்று வழங்கப்பட்டது. அந்த விதி நடைமுறையிலிருந்த காலத்தில் தம் பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மாருக்குக் காட்ட உடலும் இல்லை. நீதிமன்றத்திற் சமர்ப்பிக்கச் சாட்சியும் இல்லை. நெருப்பு இரண்டையும் ஒருங்கே தின்றது.

இனி, எரிக்க வேண்டும் என்று ஒருவர் வழக்காடிய கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே வாழ்ந்த இந்து முதியவர் ஒருவர், தம் மரணத்தின் பின் தம்முடல் மின்சார அடுப்பிலன்றித் திறந்தவெளிச் சிதையிலே எரிய வேண்டும் என்று விரும்பினார். 2006இல் அதற்கு நிலம் ஒதுக்குமாறு நகரசபையைக் கேட்டார். சபை மறுத்தது. 2009இல் இலண்டன் நீதிமன்றமும் மறுத்தது. திறந்த சிதை பிறர் மனத்தைப் புண்படுத்தும் என்பது அங்கே எடுத்துக்கொள்ளப்பட்ட காரணங்களில் ஒன்று. 2010 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறு வழியிற் சென்றது. 1902ஆம் ஆண்டுச் சட்டம் தகனம் ஒரு ‘கட்டடத்தினுள்’ நிகழ வேண்டும் என்கிறது. கட்டடம் என்றால் என்ன? நான்கு புறமும் சுவரும், புகையும் ஒளியும் செல்லத் திறப்புள்ள கூரையும் அமைந்தது கட்டடம் ஆகாதா? முதியவரோ அத்தகைய மண்டபம் தமக்குப் போதும் என்றார். அப்படியாயின் பிணக்கே இல்லை என்று நீதிபதிகள் தீர்த்தனர். பெரும் சமயத் தத்துவங்களை அலசாமல், ஒரு சொல்லின் பொருளை விரித்து, ஒரு கிழவரின் கடைசி ஆசைக்கு இடம் செய்தது அந்நீதிமன்றம். வேண்டாதார் மீது நெருப்பைத் திணியாமலும், வேண்டியவரிடமிருந்து அதனைப் பறியாமலும் நடந்துகொண்டது. காரணங்களையோ பக்கம் பக்கமாக எழுதி வைத்தது. அந்தத் தீர்ப்பை ஏற்காதவனும் அதனைப் படித்து மறுத்துரைக்கலாம். எழுதப்பட்ட காரணத்தின் சிறப்பு அதுவே.

அன்பர்களே, இனி நம் மண்ணுக்கு வருவோம்.

முல்லைத்தீவு மாவட்டத்திலே, செம்மலை நாயாற்றங்கரையில் நீராவியடிப் பிள்ளையார் ஆலயம் இருக்கிறது. அதனருகே விகாரை அமைத்திருந்த பிக்கு ஒருவர் 2019 செப்டெம்பரில் கொழும்பிலே நோயுற்றுக் காலமானார். அவருடைய உடலை ஆலய வளவிலே எரிக்க ஏற்பாடாயிற்று. ஆலயத்தார் நீதிமன்றத்தை நாடினர். அன்று அந்த நீதிமன்றம் செய்ததை நாம் பாராட்டியே ஆகவேண்டும். நெருப்பு மூட்டுமுன் வழக்கை எடுத்தது. உடலை வைத்துக்கொண்டு இரு தரப்பையும் கேட்டது. செப்டெம்பர் 23ஆந் திகதி கட்டளையும் பிறந்தது. பிக்குவின் தகனத்தை எவரும் தடுக்கவில்லை. ஆலய வளவில் வேண்டாம், கடற்படை முகாமை அண்டிய கடற்கரையில் நிகழட்டும் என்பதே கட்டளை. இறந்தவருக்கும் மரியாதை, ஆலயத்துக்கும் காவல். இதனினும் நடுநிலையான கட்டளையை யார்தான் எழுத முடியும்?

நடந்தது என்ன? கட்டளையைக் கையில் ஏந்தி நின்ற சட்டத்தரணி தாக்கப்பட்டார். பொலிசார் பார்த்து நிற்க, ஆலயத்தின் தீர்த்தக் கேணிக்கு அருகிலேயே சிதை மூட்டப்பட்டது. மறுநாள் வடக்கிலே சட்டத்தரணிகள் நீதிமன்றங்களைப் பகிஷ்கரித்தனர். மக்கள் வீதியில் இறங்கினர். ஆயினும் எரிந்தது எரிந்ததுதான். அவமதிப்பு வழக்கினால் ஒருவரைத் தண்டிக்கலாம். கேணிக்கரையில் எரிந்த சிதையை எரியாததாக்க முடியுமா? அன்று அங்கே எரிந்தது ஒரு துறவியின் உடல் மட்டுமன்று. அரச இலச்சினை பொறித்த ஒரு கட்டளையுங்கூட. நீதி உரிய வேளையில் வந்தும், அதனை நிறைவேற்ற ஒரு கை எழாவிட்டால் அது வெறுங் காகிதமே என்பதை நாயாறு நமக்குக் காட்டிற்று.

நாயாற்றிலே நீதிமன்றம் பேசியது, அரசு கேட்கவில்லை. அடுத்த ஆண்டு கொழும்பிலே நடந்ததோ வேறு. அங்கே நீதிமன்றமே பேசாதிருந்தது.

2020 மார்ச் மாத இறுதியிலே கொவிட் 19 நோயால் இறந்த முஸ்லிம் ஒருவரின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரில் 11ஆந் திகதி வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. 1897ஆம் ஆண்டின் தடைகாப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதி, அந்நோயால் இறந்தோர் அனைவரது உடல்களும் எரிக்கப்படவே வேண்டும் என்றது. உலக சுகாதாரத் தாபனமோ அதற்கு முன்னரே, மார்ச் 24ஆந் திகதி வெளியிட்ட வழிகாட்டலில், புதைத்தல் எரித்தல் ஆகிய இரண்டுக்கும் இடமளித்திருந்தது. முஸ்லிம்களுக்கு ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது நல்லடக்கம் செய்தல் மார்க்கக் கடமை. உடலை எரித்தல் அவர்களுக்கு விலக்கப்பட்டது. உடலை அடக்கம் செய்யும் கிறித்தவரும் இந்த விதியினால் வருந்தினர்.

முஸ்லிம்களும் கிறித்தவர்களும் உயர் நீதிமன்றத்தை நாடினர். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கலாயின. மூன்று நீதியரசர் கொண்ட ஆயம் அவற்றைக் கேட்டது. 2020 டிசெம்பர் முதலாந் திகதி, மனுக்களை விசாரணைக்கு ஏற்கவே அனுமதி மறுத்து, பெரும்பான்மை முடிவினால் அவை தள்ளுபடி செய்யப்பட்டன. காரணம் கூறப்படவில்லை. ஒரு வரிகூட இல்லை.

நாம் நீதிமன்றத்தை இழித்துப் பேச இங்கு வரவில்லை. அனுமதி மறுக்கும் கட்டத்திலே காரணம் எழுதாதிருத்தல் நெடுநாளைய வழக்கம் என்பதையும் மறைக்கவில்லை. வேலை உயர்வு மறுக்கப்பட்ட உத்தியோகத்தரின் மனுவில் அந்த வழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அவருக்கு நாளை வேறு வழி உண்டு. ஒரு சமுதாயம் முழுவதும் தம் இறந்தோரை நெருப்பிடமிருந்து காக்குமாறு கைகூப்பி நிற்கையில், அதே வழக்கம் போதுமா? இதுவே நம் வினா.

விடை காணவேண்டிய வினாக்கள் அந்த வழக்கிலே இல்லாமற் போகவில்லை. மூன்றை மட்டும் சொல்வோம்.

முதலாவது, சட்டத்தின் சொல் பற்றியது. 10ஆம் உறுப்புரை வழங்கும் மனச்சாட்சிச் சுதந்திரமும் சமயச் சுதந்திரமும் எந்தக் காரணத்தாலும் மட்டுப்படுத்த முடியாதவை. 14ஆம் உறுப்புரை காக்கும் வழிபாட்டையும் அனுட்டானத்தையும் பொதுச் சுகாதாரம் கருதி மட்டுப்படுத்தலாம்; ஆனால் அந்த மட்டுப்பாடு ‘சட்டத்தினால்’ விதிக்கப்பட வேண்டும் என்கிறது 15(7)ஆம் உறுப்புரை. பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளையும் ‘சட்டம்’ என்னும் சொல் உள்ளடக்கும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. தடைகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் ஒருவர் ஆக்கும் ஒழுங்குவிதி அச்சொல்லில் அடங்குமா? இலண்டன் நீதிபதிகள் ‘கட்டடம்’ என்ற ஒரு சொல்லுக்காக எத்துணை உழைத்தனர்! ‘சட்டம்’ என்ற சொல்லுக்கு நம் நாட்டில் அந்த உழைப்பு வேண்டாமா?

இரண்டாவது, நிலத்தடி நீர் பற்றியது. புதைத்தால் நோய்க்கிருமி நிலத்தடி நீரிற் கலக்கும் என்பது அரசு தரப்பிற் சொல்லப்பட்ட அச்சம். கிணற்றை நம்பி வெங்காயமும் புகையிலையும் செய்யும் நம் கமக்காரருக்கு நிலத்தடி நீரின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சம் வேறு, சான்று வேறு. இந்த வேற்றுமையை அதே உயர் நீதிமன்றம் நன்கறியும். சுன்னாகத்திலே மின்னிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில் 2019 ஏப்ரில் 4ஆந் திகதி அது வழங்கிய தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். நீர் மாதிரிகள், பகுப்பாய்வுகள், ஒன்றோடொன்று முரணிய நிபுணர் அறிக்கைகள் யாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தே, நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென்று தீர்த்தது. சுன்னாகத்துக் கிணற்றுக்காக அத்துணை நுட்பமாக எழுதிய பேனா, அடுத்த ஆண்டிலே அதே நிலத்தடி நீரின் பெயரால் எரிக்கப்பட்ட மனிதருக்காக ஒரு பக்கமேனும் எழுதியிருக்கலாகாதா?

மூன்றாவது, காரணம் கூறும் கடமையே பற்றியது. கருணாதாச எதிர் யுனீக் ஜெம் ஸ்ரோன்ஸ் என்னும் வழக்கின் தீர்ப்பு 1997ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ளது. அதிலே நீதியரசர் மார்க் பெர்னாண்டோ நிருவாக அதிகாரிகளுக்கு ஒரு பாடம் புகட்டினார். ஒருவனைக் கேட்பதென்பது அவன் சொல்வதைச் செவியில் வாங்கிக்கொள்வது மட்டுமன்று. காரணத்தோடு கூடிய பரிசீலனைக்கும் அவன் உரித்துடையவன் என்பது அத்தீர்ப்பின் சாரம். அமைச்சின் அதிகாரிக்கு விதித்த நெறியை, மீளாத செயலொன்று பற்றிய வழக்கிலாவது நீதிமன்றம் தனக்கும் விதித்துக்கொள்ளல் தகும் அன்றோ?

பின்னர் நிகழ்ந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். தள்ளுபடியாகி இரண்டு கிழமை செல்லுமுன், பிறந்து 20 நாட்களே ஆன முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடல், பெற்றோர் சம்மதியாத நிலையில் எரிக்கப்பட்டது. சைவ மக்களே, சற்றுச் சிந்தியுங்கள். பச்சிளங் குழந்தையை எரிப்பது நம்முடைய வழக்கமுமன்று. நாமும் அதனை மண்ணுக்கே கொடுக்கிறோம். கொழும்புத் தகனசாலையின் வேலியிலே அந்நாட்களில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரை உணர்த்தினர். சுகாதார அமைச்சு நியமித்த நிபுணர் குழு டிசெம்பர் இறுதியில் இரண்டு முறைகளுக்கும் இடமளிக்கலாம் என்றது. இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 தொடக்கத்தில் அடக்கத்துக்கு இடமளிக்கலாம் என்றது. பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியிலே தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து இந்த அநீதியை எதிர்த்துக் குரல் எழுப்பினர். பெப்ரவரி 25ஆந் திகதி வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச் 5ஆந் திகதி முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரிலே அடக்கங்கள் நிகழ்ந்தன. அங்கே 3,600க்கு மேற்பட்டோர் துயில்கின்றனர். முஸ்லிம்களோடு இந்துக்களும் பௌத்தர்களும் கிறித்தவர்களும் ஒரே மண்ணில் அருகருகே கிடக்கின்றனர்.

2024 யூலையிலே அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. கட்டாயமாக எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் தொகை 276 என்று அப்போது சொல்லப்பட்டது. மன்னிப்பு நல்லதே. ஆயினும் அந்த 276 குடும்பங்களில் ஒன்றுக்கேனும் நின்று பிரார்த்திக்க ஒரு கபுறை அந்த மன்னிப்பு தருமா? புதைக்க அனுமதித்துப் பின்னர் அது பிழையென்று கண்டிருந்தால் திருத்த வழியிருந்தது. எரித்துவிட்டுப் பின்னர் பிழையென்று கண்டபோது வழியில்லை. ஆகையினால், ஐயம் உள்ளவிடத்து மீளக்கூடிய வழியையே நீதிமன்றம் தெரிந்தெடுத்தல் வேண்டும். இடைக்காலத் தடையுத்தரவு என்னும் கருவி சட்டத்தில் ஏன் இருக்கிறது? பின்னால் ஈடுசெய்ய முடியாத கேட்டை முன்னால் நிறுத்துவதற்காகவே இருக்கிறது. எரிப்பதைவிட ஈடுசெய்ய முடியாத கேடு வேறு யாது?

பெரியோர்களே, பிறர் பிழையை மட்டும் பேசிவிட்டுப் போவது நேர்மையாகாது. நெருப்பின் வழக்கில் நம் சமுதாயத்தின் கையும் சுத்தமானதன்று. 1944இல் யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்திலே, தாழ்த்தப்பட்ட மக்கள் தம்மில் இறந்தவரைத் தகனஞ் செய்ததன் பொருட்டு ஓர் உயிர் துப்பாக்கிக்குப் பலியாயிற்று. கொழும்பிலே விரும்பாதவரை எரித்தார்கள். வில்லூன்றியிலே எரிக்க விரும்பியவரைச் சுட்டார்கள். இரண்டும் ஒரே ஆணவத்தின் இரு முகங்கள். 2017இலும் புத்தூர் கலைமதிக் கிராம மக்கள், குடிமனைகளின் நடுவே பிணம் எரிவதை நிறுத்துமாறு கோரி மாதக்கணக்கிற் போராட நேர்ந்தது. யாருடைய வீட்டுக்கருகே சுடலைப் புகை செல்லலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கும் வரையில், அரசைப் பார்த்து நீதி கேட்கும் நம் குரல் முழுக்குரல் ஆகாது. பிரதேச சபைகளிலே நம்மவர் ஆசனம் வகிக்கிறார்கள். மயானங்கள் அச்சபைகளின் பொறுப்பு. ஆகவே இந்த வேலையைக் கொழும்புக்குப் போகாமலே நாம் தொடங்கலாம்.

முடிவாக, நாம் கோருவன நான்கு.

ஒன்று: உடலை எரிப்பது பற்றிய பிணக்கு நீதிமன்றத்துக்கு வந்தால் அன்றே எடுக்கப்பட வேண்டும், தீர்ப்பு வரும்வரை உடல் பாதுகாப்பாக வைக்கப்பட வேண்டும். முல்லைத்தீவிலே இது முடிந்தது. ஆகவே எங்கும் முடியும்.

இரண்டு: உறவினரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்க வேண்டும் என்று சொல்பவர் எவரோ அவரே அதன் அவசியத்தைச் சான்றுகொண்டு நிறுவ வேண்டும். வேண்டாம் என்பவர்மீது அந்தச் சுமையை ஏற்றலாகாது. மரணத்தின் காரணம் ஐயத்துக்கு இடமானதாயின், விசாரணை முடியுமுன் எரிக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இருக்கலாகாது.

மூன்று: இத்தகைய வழக்கில் மனுவை ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் எழுதப்பட வேண்டும். தோற்றவன் தான் ஏன் தோற்றான் என்பதை அறிந்து வீடு செல்லுதல் வேண்டும்.

நான்கு: கட்டளை பிறந்தால், அதனை நிறைவேற்றும் அதிகாரி யார், எந்த இடம், எந்த நேரம் என்பவை கட்டளையிலேயே எழுதப்பட வேண்டும். தவறினால் அந்த அதிகாரி தாமே நீதிமன்றத்தில் வந்து நின்று விடை சொல்ல வேண்டும்.

அடக்கமா தகனமா என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சட்டமாக்கவும் 2024இல் அமைச்சரவை இணங்கியது. எந்த அரசு எந்தச் சட்டத்தைக் கொண்டுவரினும், இந்த நான்கும் அதன் வாசகத்தில் இடம்பெறப் போராடுவது சட்டத்தரணிகளின் பணி. அதற்காகத் தம் பிரதிநிதிகளை நெருக்குவது மக்களின் பணி.

நமக்கு நெருப்பு புனிதமானது. பெற்றோரின் சிதைக்குக் கொள்ளி வைத்து, காடாற்றி, கீரிமலையிலே அந்தியேட்டி செய்து அவர்களை வழியனுப்பும் மக்கள் நாம். அந்தப் புனிதம் நம் விருப்பத்திலிருந்தும் அன்பிலிருந்தும் பிறக்கிறது. விரும்பாதவர் உடலில் வலிந்து மூட்டும் நெருப்பிலே புனிதம் இல்லை. அது வெறும் அதிகாரத்தின் சூடு. நம்மோடு ஒரே மொழி பேசி, ஒரே குளத்து நீரில் வயல் செய்து, ஒரே சந்தையில் விளைபொருளை விற்கும் முஸ்லிம் சகோதரருக்கு அடக்கம் செய்யும் உரிமை பாதுகாப்பாக இருக்கும்போதே, நமக்குத் தகனம் செய்யும் உரிமையும் பாதுகாப்பாக இருக்கும். இன்று அவர்களுக்கு மறுக்கக் கற்றுக்கொண்ட அதிகாரம் நாளை நமக்கு மறுக்கத் தயங்காது.

எரிந்த வேலியை மீண்டும் அடைத்துவிடலாம்; எரிந்த போருக்கு அடுத்த போகம் வைக்கோல் தரும். எரிந்த உடலுக்கு மறு போகமில்லை. ஆகவே நெருப்புக்கு முன் நீதி வரல் வேண்டும். வரும் நீதி வாய் திறந்து காரணம் பேசுதல் வேண்டும். பேசிய நீதி நிறைவேறுதல் வேண்டும். இதற்காக உழைக்க உங்கள் அனைவரையும் அழைத்து அமைகிறோம்.